வலித்தால் இடது கை

வாயை ஆவென்று திறந்துகொண்டு, ஒரு சொல்லும் கதைக்க ஏலாமல், நீங்கள் எப்போதாவது மல்லாக்கக் கிடந்திருக்கிறீர்களா? நான் கிடக்கிறேன். நாகப்பட்டினத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், பல் ஆஸ்பத்திரிக் கதிரையில், தலை கீழேயும் கால் மேலேயுமாக. கதிரை என்று சொல்லவும் கூடாது, கட்டில் என்று சொல்லவும் கூடாது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாமான். ஊசி போட்டுவிட்டு டொக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். வாயை மூடலாம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார், ஆனால் மூடினால் திரும்பத் திறக்கவேணும், திறந்தால் கடைவாய் இழுக்கும், எதற்கு இரட்டை வேலை என்று பாதி திறந்தபடியே கிடக்கிறேன். போகும்போது சொன்னது அது மட்டுமில்லை. "நல்லா மரத்துப்போகட்டும். நான் வர்றதுக்குள்ள யோசிச்சு வைங்க. பிடுங்கிடலாமா, வேர் சிகிச்சை பண்ணி வச்சுக்கலாமா, உங்க இஷ்டம். நடுவுல வலிச்சா இடது கையைத் தூக்குங்க, சரிங்களா?" சரிங்களா என்று இவர்கள் கேட்கிற விதத்தில் யாருக்கும் சரி என்றுதான் சொல்ல வரும். நானும் தலையை ஆட்டினேன். கூரையில், எனக்கு நேர்மேலே, ஒரு பனிமலைப் படம் ஒட்டி வைத்திருக்கிறார்கள், கிடக்கிற ஆட்கள் பார்க்கட்டும் என்று. ஒரு மூலை கழன்று தொங்குது. எழும்பி நின்று அதை ஒட்டிவிடலாம் போலக் கை உளையுது. எனக்கு இதுதான் வியாதி, எங்கே போனாலும் ஏதாவது கழன்று தொங்கினால் கண்ணில் படும். நிரோஜினி, நீ பேசாமல் கிட, உன்ரை வாய்க்குள்ளேயே ஒன்று கழன்றுபோய்க் கிடக்குது. உண்மையைச் சொன்னால் இப்படி மல்லாக்கக் கிடந்து எத்தனை காலம். பிள்ளை பிறந்ததில் இருந்து ஒரு பக்கமாய்ச் சரிந்துதான் படுக்கை, இந்தப் பக்கம் பால், அந்தப் பக்கம் பால், நடுவில் ஒரு கண் முழிப்பு. பல்லுக்கு ஊசி போட வந்த இடத்தில் நித்திரை வருது. வெட்கம் கெட்ட நித்திரை. ஒரு துளி கண்ணை மூடினால் டொக்டர் வந்து எழுப்பி, என்ன முடிவு என்று கேட்பார். என்ன முடிவு.

வெளியே, ஆட்கள் காத்திருக்கிற வாங்கிலில், என் மகன் ஆரோன் அழுகிறான். அழுகை என்று இல்லை, சிணுக்கம், பசிக்கு முந்தின சிணுக்கம், அது எனக்கு மட்டும்தான் விளங்கும். மாமி, என் புருசனின் தாய், அவனைத் தோளில் போட்டுத் தட்டுகிற சத்தமும் கேட்குது, இவ தட்டுகிறது கொஞ்சம் பலமாய்த்தான் இருக்கும், ஆட்டுக்குட்டியைத் தட்டுகிற மாதிரி. அவன் சிணுங்கச் சிணுங்க இங்கே எனக்குப் பால் கட்டி நெஞ்சு விறைக்குது. மேலே உதடு செத்துக்கொண்டு போகுது, கீழே நெஞ்சு முழித்துக்கொண்டு வருது, ஒரே உடம்புக்குள் இது என்ன கூத்து. பால் குடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டேன், ஊசி போட்டாலும் தாராளமாய்க் குடுக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ஹாஜிரா என்று கதவில் பெயர். தலையில் நீலத்துணி, கண் மட்டும் சிரிக்கிற முகம். சிலோனா, என்று கேட்டார். கீழே மருந்துக்கடைப் பெடியன் மலையாளமா என்று கேட்டான், அதற்கு இது எவ்வளவோ மேல். வேளாங்கண்ணிக்கு வந்தனாங்கள், கப்பலில், பதினாலு பேர், நாளைக்குக் காலமை கப்பல் திரும்புது என்று நான் கடகடவென்று ஒப்புவித்தேன். நாளைக்கா, என்று படத்தைத் தூக்கிப் பிடித்தார். எக்ஸ்ரேப் படம். என்னுடைய பல்லு, வேர் இரண்டும் கால் மாதிரி, ஒரு காலடியில் கருப்பாய் ஒரு வட்டம். "சீழ் வச்சிருக்கு. சுத்தம் பண்ணி, மருந்து வச்சு, ஒரு வாரம் விட்டு அடைச்சு மூடணும். இன்னிக்கி முடியிற வேலை இல்ல. பிடுங்கறதுன்னா அஞ்சு நிமிஷம்." பிறகு எதற்கும் சொல்லி வைக்கிற மாதிரி, "பல்லு நல்ல பல்லுதாங்க, வச்சுக்கிட்டா இன்னும் முப்பது வருஷம் இருக்கும்" என்றார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதைச் சொன்னதால்தான் இப்போது யோசிக்கவேண்டிக் கிடக்குது.

மேல்பல்லு. அதுதான் பிரச்சினை தொடங்கின இடம். ஆரோன் வயிற்றில் இருக்கும்போதே உள்ளுக்குள் கொதி தொடங்கிவிட்டது. இங்கே வலி என்கிறார்கள், எங்களுக்குப் பல்லு என்றால் கொதிதான், உலைப்பானை மாதிரி அடியில் இருந்து. வயிற்றிலே பிள்ளையோடை பல்லிலே கை வைக்கக் கூடாது என்றார்கள். சரி. பிறந்தபிறகு, துடக்குக் கழியட்டும் என்றார்கள். சரி. பிறகு, பால்குடிப் பிள்ளை இருக்கு, மருந்து பாலிலே இறங்கும் என்றார்கள். அதுவும் சரி. அதோடு மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு, பிடுங்கினால் பார்வை போகும் என்று பக்கத்து வீட்டு ரோசக்கா சொன்னா, அவவின் மச்சானுக்கு அப்படிப் போனதாம். மச்சானுக்கு எழுபது வயது, பிடுங்காவிட்டாலும் போயிருக்கும், ஆனால் அதை யார் யோசிக்கிறது. நான் கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு இடப்பக்கத்தால் சாப்பிடப் பழகினேன். ஒரு வருசத்துக்கு மேலாக ஒரு பக்கத்தால் சாப்பிட்டால் மற்றப் பக்கம் மறந்துபோகும், நீங்கள் நம்பமாட்டீர்கள். அது நினைவு வந்தது முந்தாநாள். பிள்ளைக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாதாவின் காலடியில் கிடத்தி எடுத்து, நேர்த்தி முடிந்த சந்தோசத்தில், யாரோ நீட்டின முறுக்கை வாங்கி அந்தப் பக்கத்தால் கடித்தேன். டக் என்றது. முறுக்கு என்றுதான் நினைத்தேன்.

சிரிப்பாக இருந்தது, உண்மையாய். அங்கே கடைகளில் தகட்டில் உரு விற்கிறார்கள், உடம்பில் எது நோகுதோ அதை வாங்கிக் கோயிலில் வைக்கிறது. கண் இருக்குது, கால் இருக்குது, கை, இதயம், வயிறு, தொட்டில், வீடுகூட இருக்குது. பல்லு இல்லை. நான் கடை கடையாய்க் கேட்டேன். ஒரு கடைக்காரர், பல்லுக்கெல்லாம் யாரும்மா மாதாவைத் தொந்தரவு பண்ணுவாங்க என்றார். மாமி பின்னால் நின்று, "முகத்தை வாங்கு பிள்ளை. முகத்துக்குள்ளை பல்லும் அடக்கம்தானே" என்றா. முகத்தை வாங்கி வைத்தேன். மூக்கும் கண்ணும் இருந்த அந்தத் தகட்டு முகத்தில் வாய் ஒரு கோடு. மூடின வாய். விசாவுக்குப் படம் எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரரும் அதைத்தான் சொன்னார், தங்கச்சி, பல்லுத் தெரியக்கூடாது, வாயை மூடுங்கோ, மூடுங்கோ, இன்னும் சிரிக்கிறியள். எனக்கு வாயை மூடி நிற்க வராது. சிரிக்கிறவள் என்றுதான் ஊரில் பெயர். பெண் பார்க்க வந்தபோதும் சிரித்துவிட்டேன், வந்த கிழவரின் சைக்கிள் எங்கள் நாயின் மேல் சரிந்ததற்கு. றெஜி பிறகு சொன்னார், அந்தச் சிரிப்புக்குத்தான் ஓம் சொன்னதாம். நான் சொன்னேன், நாய்க்கு நன்றி சொல்லுங்கோ. இப்போது வேலைக்குப் போன கட்டாரில் இருந்து இரவில் கோல் எடுப்பார், ஃபோனில் முகம் பார்த்துக் கதைப்போம். ஏன் நீ வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கிறாய் என்று போன மாதம் கேட்டார். நான் எங்கே பொத்தினேன் என்றேன். சொல்லிக்கொண்டே ஃபோனின் மூலையில் இருந்த சின்னச் சதுரத்தைப் பார்த்தேன். அதற்குள் ஒரு பொம்பிளை விரலை வளைத்து வாய்க்கு முன்னால் வைத்திருக்கிறாள். ஐயோ, அது அம்மாவின் கை.

அம்மாவுக்கு நாங்கள் நாலு பேர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பல்லுக் குடுத்தனான் என்று பகிடியாய்ச் சொல்லுவா. சுண்ணாம்புச் சத்தெல்லாம் நீங்கள் உறிஞ்சிப்போட்டியள் என்பா. இடம்பெயர்ந்து போன இடத்தில் யார் பல்லைப் பார்க்கிறது, நொந்தால் பிடுங்கிறது, நூலைக் கட்டியாவது பிடுங்கிறது. கடைசித் தம்பிக்குப் போனது முன்பல்லு. அதற்குப் பிறகு சிரிப்பு வந்தால் விரலை வளைத்து வாய்க்கு முன்னால் வைப்பா, இல்லாவிட்டால் சேலைத் தலைப்பு. சின்னனில் நான் அதை வடிவு என்று நினைத்தேன். பெரிய பொம்பிளைகள் அப்படித்தான் சிரிக்கிறது என்று நினைத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று, என் முழுப் பல்லையும் கையால் மறைத்துச் சிரித்துப் பழகினேன். பழகினதை அம்மா கண்டா. கண்டுவிட்டு என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டா, அவ்வளவுதான். கொஞ்சம் பலமாய் இறக்கினா. அப்போது விளங்கவில்லை. இப்போது இந்தப் பனிமலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது விளங்குது, மணிக்கட்டில் அந்த விரல்கள் இப்போதும் இருக்கிற மாதிரி. ஒரு பிள்ளைதான் பெற்றேன். அதற்குள் கணக்குத் தொடங்கிவிட்டது. உதடு இப்போது பலாச்சுளை மாதிரித் தடித்துக் கிடக்குது, நாக்கால் தொட்டால் வேறு யாருடையதோ. மூக்கின் ஓரமும் செத்துவிட்டது. கண்ணுக்கும் ஏறுமோ. ஒரே நரம்பு. வலது கண்ணை மூடித் திறந்து பார்க்கிறேன், பனிமலை இருக்குது, கழன்ற மூலையும் இருக்குது. ரோசக்கா, நாசமாய்ப் போக உன்ரை மச்சான்.

என்ன முடிவு. ஊரில் போய்ச் செய்யலாம்தான். கடிதம் தாரேன், அங்க ஒரு டாக்டர்கிட்டக் காட்டிப் பாக்கிய முடிச்சுக்குங்க என்று டொக்டர் சொன்னார். சொல்லலாம். நான் தீவுப்பக்கம், பட்டணத்துக்கு பஸ் பிடித்துப் போகவேணும், பிள்ளையை யாரிடம் விடுகிறது, ஆட்டுக்குத் தண்ணி யார் வைக்கிறது, மழை வந்தால் யார் உடுப்பு எடுக்கிறது. அதெல்லாம் சாட்டு. உண்மை என்னவென்றால் நான் போகமாட்டேன். நாளைக்கு, அடுத்த கிழமை, பெருநாள் முடியட்டும், அவர் வரட்டும், என்று சொல்லிச் சொல்லிப் பல்லு ஒரு நாள் தானாய் விழும். எனக்கு என்னைத் தெரியும். கப்பலேறி வேறு நாட்டுக்கு வந்தபடியால்தான் இந்தக் கதிரையிலாவது கிடக்கிறேன். இங்கே ஆடு இல்லை, கிணறு இல்லை, செய்ய ஒரு வேலையும் இல்லை, அதுதான் பல்லுக்கு இடம் கிடைத்தது. ஒரு கிழமை நின்றால் முடியும். விசா இருக்குது. வேளாங்கண்ணி விடுதி அறை இருக்குது. அடுத்த கிழமையும் கப்பல் இருக்குது. ஆனால் தனியே, தெரியாத ஊரில், மொட்டைத்தலைப் பிள்ளையோடு நான் எப்படி நிற்கிறது, இந்தக் கதிரையில் நான் கிடக்க அவனை யார் தூக்குகிறது. மாமி நிற்கவேணும். மாமி நிற்கமாட்டா. நிற்கச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் பெருநாள், அந்தோனியாரை வைத்துத் தூக்கிவருகிற சப்பரக் கூட்டுக்கு மாலை கட்டுகிறது மாமி. கலியாணம் முடித்து வந்த வருசத்தில் இருந்து கட்டுறா, குண்டு விழுந்த வருசமும் கட்டினவ, மாமா செத்த வருசம் மட்டும் தொடவில்லை. இங்கே வந்ததில் இருந்து ஒரே புலம்பல், சாம்பார் இனிக்குது, தேத்தண்ணி இனிக்குது, இவைக்கு உறைப்பு எண்டா என்னெண்டு தெரியாது. வரும்போது கப்பலில், குடித்த தேத்தண்ணி வரைக்கும் சத்தி எடுத்த எடுப்பில், பொய்ப்பல்லுச் செற்றைக் கழற்றி லேஞ்சித் துண்டில் சுற்றி என்னிடம் தந்துவிட்டா. இறங்கும்போது நான் மறந்துபோய், பாஸ்போட் கேட்ட ஐயாவிடம் அந்த லேஞ்சியை நீட்டினேன். அந்த மனுசன் விரித்துப் பார்த்தார். எங்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்து, அவரும் சிரித்து, மாமி மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றா, சிரிக்க ஏலாதே, பல்லு அங்கே அல்லவா கிடக்குது. அப்படிப்பட்ட மாமி. நேற்றிரவு நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருக்க, "பிடுங்கி எறி பிள்ளை. நான் எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டு இருக்கேல்லையே. நிம்மதி" என்றா. அவவுக்கு அது கரிசனை. கோபிக்கவும் ஏலாது.

கேட்க வராது எனக்கு. கதைப்பேன், ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் கதைப்பேன், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளின் கொழுந்தன் கதைவரைக்கும் கேட்டு வைத்துக்கொள்ளுவேன், ஆனால் எனக்கு இது வேணும் என்கிற இடத்தில் நாக்கு மடங்கிவிடும். எனக்கு ஒண்டுமில்லை, பரவாயில்லை, நீங்கள் பாருங்கோ. இது எங்கே பிடித்தது. பள்ளிக்கூடத்தில் ஏதும் வேணுமென்றால் கை தூக்கவேணும். இரண்டாம் வகுப்பில் ஒருநாள் ஒண்டுக்கு வந்தது. வலது கையில் பென்சில். இடது கையைத் தூக்கினேன். டீச்சர் கரும்பலகைப் பக்கம் இருந்து திரும்பி, எந்தக் கையைத் தூக்கிறாய், பழக்கம் தெரியாதோ என்றா. வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் வேடிக்கை. கையை இறக்கிவிட்டு மணி அடிக்கும் வரைக்கும் இருந்தேன், தொடையை இறுக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு. ஒன்றும் நடக்கவில்லை, கதை அவ்வளவுதான், அடக்கினேன், முடிந்தது. அடக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம். ஆரோன் பிறந்தபோதும் அப்படித்தான், பக்கத்துக் கட்டில்காரிகள் கூரை அதிரக் கத்த, நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். சத்தமே போடாத பிள்ளை என்று நேர்ஸ் சொன்னா. அதை மாமி ஊர் முழுக்கச் சொன்னா, கோயில் வாசலில் நின்று சொன்னா, இந்தப் பதினாலு பேருக்கும் கப்பலில் வைத்து, சத்தி எடுக்கிற இடைவெளியில், இன்னொருதரம் சொன்னா. என்ரை மருமோள் வாய் திறக்கேல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாய்த்தான் இருந்தது. அந்தப் பெருமையை இறக்கி வைக்க ஒரு இடம் இருந்தால் நல்லது. சரியான பாரம். நித்திரை வருது. வெளியே சிணுக்கம் நின்றுவிட்டது, தூங்கிவிட்டான் போல. நெஞ்சு நனைந்துவிட்டது, துப்பட்டாவை இழுத்து விடவேணும், கை எழும்ப மாட்டேன் என்குது. இப்படியே கிடக்கவிட்டால் நல்லது, பல்லும் வேண்டாம், முடிவும் வேண்டாம், பனிமலை மட்டும்.

"தூங்கிட்டீங்களா?" டொக்டர். வெளிச்சத்தை இழுத்து வாய்க்கு நேரே வைத்தார். "மரத்திருச்சான்னு பாக்கறேன். வலிச்சா கைய தூக்குங்க." ஏதோ கூராய் முரசில், பல்லின் ஈறில், இறங்கியது. உதடு செத்திருந்தது, கன்னம் செத்திருந்தது, ஆனால் அடியில், அந்தக் கறுத்த வட்டத்தில், ஒன்று சாகாமல் இருந்தது. அது பிடித்துக்கொண்டது. கொதி நேரே மேலே ஏறிக் காதுக்குள் போனது. நான் பனிமலையைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம், இப்ப முடிந்துவிடும், மணி அடிக்கும். டொக்டர் கையை எடுத்தார். "ஏங்க, வலிக்குதுல்ல?" இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டினேன் பாருங்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கதிரையின் மற்றத் தொங்கலை, கால் பக்கத்தை, பார்த்தார். "கால் விரல் பத்தும் மடங்கிக் கிடக்கு. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நான் கையை நம்பறதே இல்ல, காலைத்தான் பாப்பேன்." குரலில் கோபம் இல்லை, அலுப்புக்கூட இல்லை. "இன்னும் ஒரு ஊசி போடறேன். கை தூக்கறதுக்கு என்னங்க, காசா பணமா? சரி, என்ன முடிவு பண்ணீங்க?" நான் தலையைத் தூக்கி என் காலைப் பார்த்தேன். செருப்பில்லாத கால், பெருவிரலில் வெளிறிப்போன பூச்சு, விரல்கள் ஒன்றுக்குள் ஒன்றாய்ப் பூட்டிக்கொண்டு. நான் சொல்லாமல் அவை எப்போது இப்படிப் பழகின. பிள்ளை பிறந்தபோதும் இப்படித்தான் கிடந்திருக்கும், அந்தப் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாய் விரித்தேன். மாமி என்று கூப்பிடப் பார்த்தேன், உதடு உதட்டோடு ஒட்டவில்லை, எச்சில்தான் வழிந்தது. அதனால் இடது கையைத் தூக்கினேன். தூக்கிக் கதவைக் காட்டினேன். இடது கை காற்றில் நிற்க, டீச்சர் எங்கேயும் இல்லை, ஒருவரும் சிரிக்கவில்லை.

மாமி உள்ளே வந்தா, தோளில் ஆரோனின் மொட்டைத் தலை சரிந்து கிடக்க. "என்ன பிள்ளை, பிடுங்கியாச்சே?" நான் எழும்பி உட்கார்ந்தேன், தலை சுற்றியது. "இல்லை மாமி. இதைப் பிடுங்க வேண்டாம்." வாய் கோணிக்கொண்டு வந்தது, சொல் ஒரு பக்கத்தால் ஒழுகியது. "ஒரு கிழமை நிண்டா வைக்கலாமாம். நீங்களும் என்னோடை நில்லுங்கோ மாமி." மாமி என்னைப் பார்த்தா, டொக்டரைப் பார்த்தா. "ஞாயிறு பெருநாளெல்லே." "ஓம் மாமி." "கூட்டுக்கு மாலை ஆர் கட்டுறது?" பரவாயில்லை மாமி என்கிற சொல்லு நாக்கு நுனிக்கு வந்தது, பழகின நாய் மாதிரி, கூப்பிடாமலே. அதை எச்சிலோடு விழுங்கினேன். ஏதோ ஒரு குழாய் எங்கோ உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆரோன் நித்திரையில் வாயைச் சப்பினான், அவனுக்கு மேலே இரண்டு கீழே இரண்டு, அரிசி மாதிரி. "நோகுதோ?" என்று மாமி கேட்டா. வேறு குரல், வீட்டில் கேட்காத குரல். "ஓம் மாமி" என்றேன். "நல்லா நோகுது." மாமி ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தா, பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டா. "இன்னும் ஒரு கிழமைக்கு உந்த இனிப்புச் சாம்பாரைத் திண்டு துலைக்கவேணும்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு டொக்டர் பக்கம் திரும்பினா. "டொக்டர் பிள்ளை, வடிவாப் பாத்துச் செய்யுங்கோ. இவள் சிரிக்கேக்கை தெரியிற பல்லு அது."